தலையில் அடிபட்டவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு: மலையகக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் டொக்டர் இல்லை. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் தலையில் அடிபட்டு கண்டியிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கூடப் போய் சிங்களம் பேசிக் கொடுப்பது, கிளினிக்குக்குத் துணை போவது, படிவம் நிரப்புவது, இதுதான் நான் செய்கிற வேலை. போகிற இடமெல்லாம் அதே கேள்விகள் வருகின்றன, அதுவும் பாதிக்கு மேல் வார்ட்டுக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். மருந்து, அளவு, ஆபரேஷன் பற்றியெல்லாம் உங்கள் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து இல்லைன்னு சொல்லிட்டாங்க. கண்ணும் முழிச்சிட்டாரு. ஆனா எங்கள யாருன்னே தெரியாத மாதிரி பார்க்கிறாரே?

படத்தில் வருகிற மாதிரி கண்ணைத் திறந்ததும் "நான் எங்கே இருக்கேன்" என்று கேட்டுவிட்டு எழுந்து உட்காருவது நிஜத்தில் ரொம்ப அபூர்வம். பலமான அடி என்றால் கண் திறந்த பிறகும் நாள் கணக்கில், சிலருக்கு வாரக் கணக்கில், குழப்பமான ஒரு காலம் இருக்கும். அந்த நேரத்தில் புதிதாக எதுவும் மனதில் பதியாது. காலையில் வந்துபோன தங்கச்சியை "வரவே இல்லை" என்பார், மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்குவார், வாழ்க்கையில் பேசாத கெட்ட வார்த்தையெல்லாம் பேசுவார். அது அவர் மனதில் இருந்தது வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டு அழவேண்டாம். மூளை இன்னும் முழுதாக விழிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் ஒரே நேரத்தில் ஒருவர் அல்லது இருவர் மட்டும் போங்கள். "நான் யாரு சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்களே சொல்லுங்கள்: "நான் மல்லிகா, உங்க தங்கச்சி. இது கண்டி ஆஸ்பத்திரி. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை." சின்னச் சின்ன வாக்கியம், நடுவில் இடைவெளி. அவர் கண்ணை மூடினால் பேச்சை நிறுத்திவிடுங்கள், களைத்துவிட்டார் என்று அர்த்தம்.

டிக்கட்டுல ஜிசிஎஸ் 9ன்னு எழுதியிருக்கு. 15க்கு 9ன்னா பாஸா?

அது பரீட்சைப் புள்ளி இல்லை, நினைவு எந்த அளவுக்கு இருக்கிறது என்று காட்டும் எண். 1974இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் இரண்டு மூளை அறுவை டொக்டர்கள் கொண்டுவந்த அளவுகோல், இன்று உலகமெல்லாம் பாவிக்கிறார்கள். கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை போடுவார்கள். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 13உம் அதற்கு மேலும் இலேசானது. நேற்றைக்கு இன்று ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது முக்கியமாக உதவும். ஒரு வருடம் கழித்து இவர் எப்படி இருப்பார் என்று அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

வார்ட்ல மிஸ்மார் எல்லாம் பார்க்கிறாங்கதானே, நாங்க அங்க போய் என்ன செய்ய?

நிறைய இருக்கிறது. அடிபடுவதற்கு முன் இவர் எப்படிப்பட்டவர் என்று அந்த வார்ட்டில் நர்ஸ், டொக்டர் யாருக்கும் தெரியாது. இடது கைக்காரரா, முன்பே காது கொஞ்சம் மந்தமா, எழுதப் படிக்கத் தெரியுமா, சீனி வருத்தம் இருக்கிறதா, குடிப்பழக்கம் இருந்ததா, இதையெல்லாம் நீங்கள் சொன்னால்தான் உண்டு. குடிப்பதை மறைப்பவர்கள் அதிகம். மறைக்காதீர்கள். தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வருகிற நடுக்கமும் பிதற்றலும் தலையில் பட்ட அடியால் வந்தது போலவே தெரியும், வைத்தியம் வேறு.

மொழி இன்னொரு விஷயம். தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் சிங்களத்தில் "கையைத் தூக்கு" என்று சொல்லி, அவர் தூக்காவிட்டால் "சொன்னது விளங்கவில்லை" என்று எழுதிவிடும் வாய்ப்பு இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, அவசரம். பக்கத்தில் நின்று தமிழில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மொழியும் தெரிந்தவருக்கு அடிக்குப் பிறகு ஒன்று மற்றதைவிட நன்றாக வரலாம், அதையும் கவனித்துச் சொல்லுங்கள்.

டொக்டரிடம் பேச வீட்டிலிருந்து ஒரே ஆளைத் தெரிவு செய்யுங்கள். ஐந்து பேர் ஐந்து நேரம் கேட்டால் ஐந்து விதமாகக் காதில் விழும், அப்புறம் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) சண்டை. ஒரு கொப்பி வாங்கி யார் என்ன சொன்னார், எந்தத் தேதி என்று அந்த ஆள் எழுதி வைக்கட்டும்.

எப்ப சரியாவாரு? ஒரு தேதி மட்டும் சொல்லுங்க போதும்.

தேதி சொல்பவரை நம்பாதீர்கள். பொதுவாக முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரியும், ஒன்றிரண்டு வருடம் வரை நன்றாகவே தொடரும், அதற்குப் பிறகும் மெதுவாக நடக்கும். "ஆறு மாசத்துக்கு மேல ஒன்னும் ஆகாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு பயிற்சியை விட்டுவிட்ட குடும்பங்கள் இருக்கின்றன, அது தப்பான பேச்சு. அதே நேரம் எல்லாமே பழையபடி வரும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. நடை முதலில் வரும், கை பிந்தும், கோபமும் மறதியும் கடைசிவரை இழுக்கும். பலருக்கு அப்படித்தான்.

துண்டு வெட்டிட்டாங்க, நாளைக்குக் கூட்டிட்டுப் போகலாமாம். நாங்க என்ன கேட்டு வாங்கணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். வீட்டில் பார்க்கப் போகிற ஆள் (பெரும்பாலும் மனைவி அல்லது அம்மா) துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே ஒரு முழு நாளாவது வார்ட்டில் இருந்து, எல்லாவற்றையும் தன் கையால் ஒரு தடவை செய்து பார்த்திருக்க வேண்டும். கட்டிலில் புரட்டுவது, உட்கார வைப்பது, கதிரைக்கு மாற்றுவது, ஊட்டுவது, குழாய் இருந்தால் அதில் பால் விடுவது. பார்த்துக்கொண்டு நிற்பது போதாது. மிஸ்ஸிடமும் பிசியோதெரபி ஆளிடமும் கேட்டால் காட்டித் தருவார்கள், அனுமதி கேட்டுப் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள்தான் கையெழுத்துப் போட்டுக் கூட்டி வருகிறார்கள், பெண்கள்தான் வீட்டில் பார்க்கிறார்கள், கையெழுத்துப் போட்டவருக்குச் சொல்லிக் கொடுத்தது வீட்டில் பார்ப்பவருக்கு வந்து சேர்வதே இல்லை. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

பேப்பரில்: என்ன காயம், என்ன வைத்தியம் என்று எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் தேதி, மாத்திரைகளின் பெயரும் நேரமும். டயக்னோசிஸ் கார்டை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள், மழையில் நனைந்து கிழிந்தால் பிறகு எல்லா இடத்திலும் திண்டாட்டம். தொடர்ந்து பயிற்சி வேண்டியவர் என்றால் புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தர முடியுமா என்று வாய் திறந்து கேளுங்கள். கண்டிப் பக்கம் திகனையில் ஒன்று இருக்கிறது, ராகமையில் பெரியது இருக்கிறது. கேட்காவிட்டால் சில நேரம் யாரும் சொல்வதில்லை.

என்ன நடந்தால் திரும்ப ஓடி வர வேண்டும் என்றும் கேளுங்கள். கூடிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், முதல் தடவையாக வரும் வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிதல், இதில் ஒன்று வந்தாலும் 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வயதானவர்களுக்கும் குடிப்பவர்களுக்கும் மூளையைச் சுற்றி இரத்தம் மெதுவாகக் கசிந்து வாரங்கள் கழித்தும் இப்படி வரலாம். அதனால் "விழுந்து ஒரு மாசமாச்சே" என்று விட்டுவிடாதீர்கள்.

லயத்துல எப்படிங்க வச்சுப் பார்க்கிறது? ஒரு காம்பரா, ஒரு இஸ்தோப்பு. கக்கூஸ் வெளிய, அதுக்குப் படி வேற.

ஒரு அறையும் முன் திண்ணையும் மட்டும் என்றால் கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். புத்தகத்தில் எழுதியிருப்பது "அமைதியான தனி அறை". லயத்தில் பக்கத்துக் காம்பரா டிவி நம் வீட்டில் ஓடுவது போலக் கேட்கும். ஆனால் செய்யக்கூடியது இருக்கிறது. கட்டிலை அடுப்பிலிருந்தும் வாசலிலிருந்தும் தள்ளி, பலவீனமான பக்கமும் நடமாட்டம் தெரிகிற மாதிரி போடுங்கள். இரவில் வெளியே கூட்டிப்போகாமல் ஒரு வாளியோ, நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கதிரையோ வைத்துக்கொள்ளுங்கள். பனிக் காலத்தில் ஈரப் படியில் இன்னொரு தடவை விழுந்தால் முதல் அடியைவிட மோசமாகலாம். கக்கூஸ் படிக்கு ஓரமாக மூங்கிலோ குழாயோ கட்டினால் பிடித்துக்கொள்வார். தண்ணீர் விழும் பீலியில் குனிந்து குளிக்க விடாதீர்கள், உட்கார வைத்து ஊற்றுங்கள்.

எழும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும். தூக்கும்போது பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு கழன்றுவிடும். சிலருக்கு அடிக்குப் பிறகு வாசனை தெரியாது. சோறு அடிப்பிடிப்பதும் காஸ் கசிவதும் அவருக்குத் தெரியாது, தனியாக அடுப்புப் பக்கம் விடாதீர்கள்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி: ஞாயிற்றுக்கிழமை தோட்டமே வந்து உட்கார்ந்திருக்கும், பாசம்தான், ஆனால் அவருக்கு அது தாங்காது. தோட்டத் தலைவரிடமோ பெரியவர் ஒருவரிடமோ சொல்லி, "டொக்டர் சொல்லிட்டாரு, ரெண்டு பேர், பத்து நிமிஷம்" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். மருமகள் சொன்னால் பொல்லாப்பு.

ஊட்டும்போது இருமுறாரு. கொஞ்சம் தண்ணி விட்டா எறங்கிரும்தானே?

விடாதீர்கள். இருமுவது என்றால் சாப்பாடு மூச்சுக் குழாய்க்குப் போகிறது என்று அர்த்தம், தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட வேகமாக அங்கே இறங்கும், அது நுரையீரலில் கிருமியாகி ஆளையே கொண்டுபோகும். நேராக உட்கார வைத்து, சின்னக் கரண்டியால், விழுங்கிவிட்டாரா என்று பார்த்துக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணித்தியாலம் படுக்க விடாதீர்கள். அப்படியும் இருமினால் கிளினிக் தேதிவரை காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

இப்ப நல்லா நடக்கிறாரு, பேசுறாரு. ஆனா எதுக்கெடுத்தாலும் கத்துறாரு, தட்டைத் தூக்கி அடிக்கிறாரு. இது வருத்தமா, திமிரா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, அதுவும் ஆஸ்பத்திரியை மறந்து பல மாதம் கழித்து. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப் பகுதி நம்முடைய பிரேக். கோபம் எல்லாருக்கும் வருகிறது, அதைப் பிடித்து நிறுத்துவது அந்த இடம். விபத்தில் அடிக்கடி காயப்படுவதும் அதே இடம்தான். வெளியே தழும்புகூட இருக்காது, அதனால் பார்க்கிறவர்கள் "ஆள் நல்லாத்தானே இருக்கான்" என்பார்கள், பழி எல்லாம் வீட்டுக்காரிமேல் விழும். சிலருக்கு இதற்கு நேர்மாறாக நடக்கும். காலையிலிருந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருப்பார், சொன்னால்தான் குளிப்பார். அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அதுவும் காயம்தான், ஒரு வேலையைத் தொடங்கி வைக்கிற சக்தி போய்விட்டது. தனக்கு ஒன்றுமே இல்லை என்று அவர் சாதிப்பதும் பல நேரம் பிடிவாதம் இல்லை. தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் ஒரு பகுதி.

என்ன செய்யலாம்? எந்த நேரம் கத்துகிறார் என்று ஒரு வாரம் அந்தக் கொப்பியில் எழுதுங்கள். பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும்: பசி, களைப்பு, சத்தம், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசுவது. அதை முன்கூட்டியே குறையுங்கள். கத்தும்போது நியாயம் பேசாதீர்கள், "சரி, அப்புறம் பேசுவோம்" என்று நகர்ந்துவிடுங்கள், பத்து நிமிடம் கழித்து அவர் மறந்தே போயிருக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை, சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். வருத்தம் என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. கை ஓங்கினால் பிள்ளைகளோடு அடுத்த காம்பராவுக்குப் போய்விடுங்கள், கத்தியையும் கோடரியையும் எப்போதும் பூட்டி வையுங்கள், கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இதற்கும் மருந்தும் வழியும் இருக்கிறது.

பேய் புடிச்சிருக்கு, மந்திரிக்கணும்னு மாமியார் சொல்றாங்க. நான் என்ன சொல்றது?

மாமியாரோடு சண்டை போடாதீர்கள், அவருக்கும் மகன்தான். கோயிலுக்குப் போகட்டும், நூல் கட்டட்டும், திருநீறு போடட்டும், அதனால் ஒரு கெடுதியும் இல்லை. வேண்டாம் என்று உறுதியாக நிற்க வேண்டியது சில விஷயங்களுக்கு மட்டும்: அடிப்பது, தலையைப் பிடித்து ஆட்டுவது, மூச்சு முட்டப் புகை போடுவது, ஆபரேஷன் காயத்தில் எண்ணெய் வைப்பது, "மாத்திரையை நிறுத்தினால்தான் மந்திரம் பலிக்கும்" என்பது. அவரையும் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப் போய் டொக்டர் வாயால் கேட்க வையுங்கள். நாம் நூறு தடவை சொல்வதைவிட அது வேலை செய்கிறது.

வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கணுமா?

வேண்டாம். வாயில் கரண்டியும் வேண்டாம். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, சுற்றி இருப்பதை நகர்த்திவிட்டு, மணி பாருங்கள். முதல் தடவையாக வந்தாலோ, ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 1990. வலிப்பு மாத்திரையை "இப்ப வர்றதில்லையே" என்று சொந்தமாக நிறுத்தக் கூடாது, நிறுத்திய பிறகு வருகிற வலிப்பு சில நேரம் பெரிதாக வரும்.

தூங்கவே மாட்டேங்கிறாரு. கொஞ்சமா சாராயம் குடுத்தா?

கூடாது. வலிப்பைக் கூட்டும், மாத்திரையோடு சேர்ந்து கெடுக்கும், ஏற்கனவே இல்லாத பிரேக்கை இன்னும் இல்லாமல் ஆக்கும், திரும்ப விழ வைக்கும். திருவிழாவிலும் கல்யாணத்திலும் "ஒரு கிளாஸ்தானே" என்று ஊற்றிக் கொடுக்கிற மச்சான்மாருக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

நான் மலைக்குப் போகலேன்னா பேர் விழாது. போனா இவரை யாரு பார்க்கிறது?

கொழுந்து மலைக்குப் போய்ப் பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்பது தெரியும். இதற்கு நல்ல பதில் என்று ஒன்று இல்லை, ஓரளவு பதில்தான் இருக்கிறது. முதலில், முழுச் சுமையையும் ஒருத்தி தலையில் போடாதீர்கள். குடும்பத்தைக் கூட்டி உட்கார வைத்து, "உதவி செய்யுங்க" என்று பொதுவாகச் சொல்லாமல் வேலையைப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுங்கள்: கிளினிக்குக்குக் கூட்டிப் போவது தம்பி, மத்தியானம் ஊட்டுவது அத்தை, ஞாயிறு முழுக்க அண்ணன். ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டிக்குப் போய் வருவதற்கே ஒரு நாள் போய்விடும், அதை ஒரே ஆள் மாதாமாதம் செய்ய முடியாது. மூத்த பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திப் பார்க்க வைப்பதுதான் பல வீடுகளில் முதலில் வருகிற யோசனை. தயவுசெய்து அது கடைசி யோசனையாகக்கூட இருக்க வேண்டாம்.

காசு விஷயம்: வேலை நேரத்தில் வேலையால் ஏற்பட்ட விபத்து என்றால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது, தோட்டத்துக்கும் கொழும்பில் கட்டட வேலைக்குப் போன இடத்துக்கும் சேர்த்துத்தான். விபத்தைத் தாமதிக்காமல் எழுத்தில் அறிவியுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வீதி விபத்து என்றால் பொலிஸ் முறைப்பாடு கட்டாயம். இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்தியச் சான்று கிடைத்தால் வயது வரும் முன்பே ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்த உதவிக்குக் கிராம சேவகர் வழியாகப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

பார்ப்பவரும் நோயாளியாவது சாதாரணமாக நடக்கிறது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "செத்தா தேவலை" என்று தோன்றுகிறது என்றால் 1926க்குப் பேசுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்றது? சின்னவன் அப்பாவைப் பார்த்தாலே ஒளியிறான்.

உண்மையை, சின்னதாக. "அப்பாவோட மூளையில காயம், அதான் கோபம் வருது. உன்னால இல்ல." இந்தக் கடைசிப் பகுதியை விடாமல் பல தடவை சொல்லுங்கள், பிள்ளைகள் தங்களால்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள், கேட்டால் சொல்ல மாட்டார்கள். அப்பாவோடு சேர்ந்து ஐந்து நிமிடம் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை கொடுங்கள், கட்டாயப்படுத்தாமல்.

வேலைக்கு அனுப்பலாமா? சும்மா இருந்தா இன்னும் கெட்டுப்போவாருன்னு எல்லாரும் சொல்றாங்க.

எல்லாரும் சொல்வதில் பாதி உண்மை. வேலை நல்லது, ஆனால் எந்த வேலை, எவ்வளவு நேரம் என்பதுதான் விஷயம். மூளைக் களைப்பு உடம்புக் களைப்பு மாதிரி இல்லை, பத்து மணிக்கு நன்றாக இருப்பவர் பதினொன்றுக்கு ஒன்றும் ஓடாமல் நிற்பார். கவ்வாத்துக் கத்தி, மருந்து தெளிப்பது, பெக்டரி மெஷின், சரிவான மலை, ஆட்டோ ஓட்டுவது, இதெல்லாம் டொக்டர் எழுதித் தரும்வரை வேண்டாம், வலிப்பு வந்தவருக்கு இன்னும் கண்டிப்பாக. முதலில் வீட்டுத் தோட்டத்தில் மரக்கறிப் பாத்தி, அப்புறம் அரைப் பேருக்கு (அரை நாள் சம்பளத்துக்கு) இலேசான வேலை. தோட்டத்து மேலாளரான துரையிடம் வாயால் கேட்காமல் கிளினிக் கடிதத்தோடு போங்கள்.

யாராவது இவருகிட்ட ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டா?

நடக்கிறது. கடன் கொடுக்கிறவர்களும் சில நேரம் சொந்தக்காரர்களும் செய்கிறார்கள். முன்பு சொன்ன அதே பிரேக் இல்லாததால் கேட்டதும் கொடுத்துவிடுவார், போட்டதையும் மறந்துவிடுவார். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், ஏடிஎம் அட்டை மூன்றும் உங்களிடம் இருக்கட்டும், ஆனால் கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்க வேண்டும், அது மரியாதை விஷயம். பெரிய தொகையோ காணியோ என்றால் டயக்னோசிஸ் கார்டோடு சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள்.

அவரு உயிரோடதான் இருக்காரு. ஆனா நான் கட்டின ஆளு இவரு இல்ல. இதுக்கு அழுதா தப்பா?

தப்பில்லை. செத்தவருக்கு என்றால் எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் என்று ஊரே வந்து கூட அழும். இதற்கு அப்படி ஒன்றும் கிடையாது, "உயிரோட கெடைச்சதுக்குச் சந்தோஷப்படு" என்று அழுகையை அடைக்கத்தான் வருவார்கள். படுக்கை விஷயத்திலும் மாற்றம் வரும், சிலருக்கு ஆசையே போய்விடும், சிலருக்கு அடக்கமே போய்விடும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, கிளினிக்கில் பெண் டொக்டரிடம் தனியாகக் கேட்கலாம், அவர்களுக்கு இது புதிது இல்லை. இதே நிலையில் இருக்கிற இன்னொரு வீட்டுக்காரியை எனக்குத் தெரிந்தால் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுப் போன் நம்பர் மாற்றிக் கொடுக்கிறேன். மாலையில் கொழுந்தை எடை போட்டு முடிந்ததும் பேசிக்கொள்கிறார்கள்.